கடைசிப் படுக்கைக்கு அலாரம் இல்லை

அவன் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாடு முடிந்து ஆஸ்பத்திரி கண்ணயர்ந்திருந்தது. வாசல் காவலாளி அடையாள அட்டையைப் பார்த்த மாதிரி பாவனை செய்துவிட்டு, "மாடில, கடைசி வார்டு" என்று கையைக் காட்டினார். பழைய கட்டடம். நீளமான தாழ்வாரம். சுவரில் இடுப்பளவுக்குப் பச்சைப் பெயின்ட், அதற்கு மேல் வெள்ளை. ஃபினாயில் வாடையும் சரியாகக் காயாத படுக்கை விரிப்புகளின் ஈர வாடையும் கலந்து மூக்கில் ஏறின. தோளில் லேப்டாப் பை, மனதில் சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்ற எண்ணம். வேறொன்றும் இல்லை அவனிடம்.

வந்து குணமாகிப் போகிறவர்களுக்கான ஆஸ்பத்திரி இல்லை அது. கை கால் விழுந்து, பேச்சும் போய், படுத்த படுக்கையாகிவிட்டவர்கள் வருஷக்கணக்கில் கிடக்கும் இடம். தானாகப் புரள முடியாத உடம்பை அப்படியே விட்டால் முதுகில் புண் வந்துவிடும். குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் இடப்பக்கம், வலப்பக்கம் என்று திருப்பிப் படுக்க வைத்தாக வேண்டும். யாரை எப்போது திருப்ப வேண்டும் என்று நர்ஸ் மேஜையில் அலாரம் அடித்துச் சொல்லும் புரோகிராமை எழுதிக் கொடுத்தது அவனுடைய கம்பெனி.

முதலில் ஆண்கள் வார்டுக்கு எழுதினார்கள். அப்புறம் அதையே நகலெடுத்துக் குழந்தைகள் வார்டுக்கு ஒன்று, பெண்கள் வார்டுக்கு ஒன்று. வருஷங்கள் ஓட ஓட ஒவ்வொரு நகலிலும் யார் யாரோ கைவைத்து, ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகள் ஆளுக்கொரு திசையாகப் போன கதையாகிவிட்டது. ஒன்றில் ஒரு தப்பைத் திருத்தினால் மற்ற இரண்டிலும் அந்தத் தப்பு அப்படியே உட்கார்ந்திருக்கும். மூன்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, எந்த வார்டிலும் கொண்டுபோய்ப் பொருத்தும்படி ஒரே பொது நிரலாக, அதாவது ஒரே புரோகிராமாக, எழுதித் தர வேண்டும். அதற்குத்தான் அவனை அனுப்பியிருந்தார்கள்.

இந்த வேலையில் அவன் கெட்டிக்காரன். ஆபீசில் அவனுக்குக் 'கத்தரி' என்று பட்டப்பெயர். காய் இல்லை, கோல். தேவையில்லாத வரி ஒன்றைப் பார்த்துவிட்டால் அவன் கை சும்மா இருக்காது.

பெண்கள் வார்டின் பொறுப்பு நர்ஸ் அவனுக்குத் துணி அலமாரி ஓரமாக ஒரு மேஜை போட்டுக் கொடுத்தாள். எல்லோரும் அவளை சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். கண்ணுக்குக் கீழே கருவளையம், பேச்சில் சிக்கனம். ஆள் பற்றாக்குறை அந்த முகத்திலேயே தெரிந்தது.

மூன்று நகல்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டான். குழந்தைகள் வார்டில் அலாரம் சன்னமாக ஒலிக்கும்படி வைத்திருந்தார்கள். ஆண்கள் வார்டில் சாப்பாட்டு நேரத்தில் அடிக்காது. இதெல்லாம் நியாயமான வித்தியாசங்கள். அந்தந்த வார்டே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்படி வெளியே எடுத்து வைத்தான். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் பிடிபடவில்லை. பெண்கள் வார்டில், ஜன்னலோரக் கடைசிப் படுக்கைக்கு மட்டும் அலாரமே கிடையாது. ஏன் என்று ஒரு குறிப்பும் இல்லை.

காலிப் படுக்கையாக இருக்கும் என்று எட்டிப் பார்த்தான். காலி இல்லை. ஒரு பெண் படுத்திருந்தாள். நடுத்தர வயது, குச்சி மாதிரி கைகள், ஜன்னலைப் பார்த்துத் திறந்திருந்த கண்கள்.

வாளியோடு போய்க்கொண்டிருந்த ஆயாவை நிறுத்திக் கேட்டான்.

"அந்த பெட்டா? அத அக்கா பாத்துக்குவாங்க சார்."

ஆயா நிற்கவில்லை. எந்த வார்டில்தான் அக்கா என்று ஒருத்தி இல்லை? யாரோ மூத்த ஆயாவாக இருக்கும் என்று விட்டுவிட்டான். ஆனாலும் சிஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வைத்தான். அவள் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"அத மட்டும் அப்படியே விட்டுடுங்க சார்."

"ஏன் சிஸ்டர்?"

"இத எழுதினவர்கிட்ட நான்தான் கேட்டுக்கிட்டேன். அவரும் கண்ணால பாத்துட்டுத்தான் எழுதினாரு."

"என்னத்தப் பாத்தாரு?"

அவள் வார்டின் கடைசிக்குப் பார்வையை ஓட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எடுத்துடாதீங்க சார். அவ்வளவுதான் சொல்லுவேன்."

"சரி சிஸ்டர். கைவைக்க மாட்டேன்" என்றான்.

வாய் சொன்னது. கை கேட்கவில்லை. ஒரு படுக்கைக்காக விதிவிலக்கு ஒன்றை வைத்தால் அப்புறம் பொது நிரல் என்று எதைச் சொல்வது? அலாரத்தை அணைத்துவிட்டு வேலையை மிச்சம் பிடிக்கிறார்கள், வேறென்ன, என்று அவனே ஒரு தீர்ப்பும் எழுதிக்கொண்டான். அன்றைக்கே அந்த வரியை வெட்டினான்.

வெட்டுவதற்கு முன்னால் ஒன்று நடந்தது. அதை அவன் அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

ஆயாக்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். சிஸ்டர் மருந்து வாங்கக் கீழே இறங்கியிருந்தாள். மின்விசிறியின் கிறீச்சிடலைத் தவிர வார்டில் ஓசையில்லை. வெயில் கம்பி கம்பியாகத் தரையில் விழுந்திருந்தது. திடீரென்று வலித்தைலத்தின் வாடை வந்தது. முதுகு வலிக்கிறவர்கள் தேய்த்துக்கொள்வார்களே, அந்தக் காட்டமான வாடை. தலை நிமிர்ந்தான். கடைசிப் படுக்கையைச் சுற்றித் திரை இழுத்து விடப்பட்டிருந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு மூச்சு கேட்டது. பாரம் தூக்குகிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு விடும் மூச்சு.

ம்ம்... ஹா.

கட்டில் முனகியது. விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிடும் சத்தம். தலையணையை இரண்டு தட்டுத் தட்டும் சத்தம்.

அந்தத் திரை தரை வரை வராது. முழங்கால் உயரத்தோடு நின்றுவிடும்.

திரைக்குக் கீழே கட்டிலின் கால்கள் மட்டும் தெரிந்தன.

எழுந்து போனான். தன் கையாலேயே திரையை விலக்கினான். யாருமில்லை. ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தவள் இப்போது வாசலைப் பார்த்துப் படுத்திருந்தாள். முதுகுக்குத் தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒரு சின்னத் தலையணை, எல்லாம் பாந்தமாக. அவள் கண்கள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தன, பழகிய முகத்தைப் பார்ப்பது போல.

திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல் மேஜைக்கு நடந்தான். யாரோ வந்திருப்பார்கள், நான் கவனிக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்த நடுக்கத்தை மறைக்கத்தானோ என்னவோ, உட்கார்ந்த வேகத்தில் அந்த வரியை அழித்தான்.

பொது நிரலை மூன்று வார்டுகளிலும் ஏற்றியது மறுநாள் காலையில். ஆண்கள் வார்டில் பிரமாதமாக ஓடியது. குழந்தைகள் வார்டிலும் அப்படியே. பெண்கள் வார்டில் ஒவ்வொரு படுக்கையாக அலாரம் அடித்து, ஆயாக்கள் திருப்பி, பொத்தானை அமுக்கி, எல்லாம் முறையாகப் போய்க்கொண்டிருந்தது.

கடைசிப் படுக்கைக்கு அடித்தது.

ஆயாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் நகரவில்லை. அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. சிஸ்டர் எழுந்தாள். அவனை ஒரே ஒரு முறை பார்த்தாள். கடைசி வரை நடந்து போய்த் தானே அந்தப் பெண்ணைத் திருப்பிப் படுக்க வைத்துப் பொத்தானை அமுக்கினாள். சத்தம் நின்றது.

அப்போது அந்த வாடை எழுந்தது. ஜன்னலோரத்தில் தொடங்கி, இரண்டு வரிசைப் படுக்கைகளுக்கும் நடுவே, ஒரு ஆள் நடக்கும் வேகத்தில், அவன் மேஜையை நோக்கி வந்தது.

அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

போகவில்லை.

மதியம் நிர்வாகியின் அறையில் கூட்டம். நிர்வாகி கறாரான மனுஷர். பழைய அலாரப் பட்டியலையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். "இத்தனை வருஷமா ஒரு பேஷண்டுக்கு அலாரமே இல்லாம இருந்திருக்கு. உங்க புரோகிராம்ல இப்படி ஒரு ஓட்டை எப்படி வந்துச்சு?"

கம்பெனியின் மானம் அந்த ஒரு கேள்வியில் தொங்கியது. அந்த வரியை எழுதியது தங்கள் ஆள்தான் என்று சொல்லியிருக்கலாம். யாரும் காரணம் கேட்காமல் ஒப்புக்கொண்டோம் என்று சொல்லியிருக்கலாம். நேற்று தானே பார்த்ததைக்கூட, சிரித்தாலும் சிரிக்கட்டும் என்று, சொல்லியிருக்கலாம்.

"வார்டுலேருந்து நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்காங்க சார். வேலை குறையும்னு நினைச்சிருக்கலாம். நாங்க இப்ப கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டோம்" என்றான்.

சிஸ்டர் கதவோரம் நின்றிருந்தாள். கைவைக்க மாட்டேன் என்று நேற்று அவன் சொன்னதை அவள் எடுத்துச் சொல்லவில்லை. தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றோடு அவளுக்கு அந்த வார்டு இல்லை என்று நிர்வாகி சொன்னபோது தலையாட்டினாள்.

அவன் காது மடல் இரண்டும் எரிந்தன. லேப்டாப் திரையில் இல்லாத எதையோ தேடினான்.

மாடிப்படியில் அவளைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. பார்க்காதது போல நழுவப் பார்த்தான். அவள்தான் பேச்சைத் தொடங்கினாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"நீங்க சொன்னதுல பாதி உண்மைதான் சார். எனக்கும் ஆள் பத்தல. ஒரு பெட் குறைஞ்சா நல்லதுதானேன்னு கண்ண மூடிக்கிட்டேன்."

"அந்த அக்கா யாரு சிஸ்டர்?"

"கடைசி பெட்ல கெடக்குறாளே, அவளோட கூடப் பொறந்த அக்கா. கல்யாணம் காட்சின்னு எதுவும் இல்லாம தங்கச்சி பக்கத்துலயே கெடந்தாங்க. எங்களத் தொடவே விட மாட்டாங்க. தூக்கித் தூக்கி முதுகு போச்சு, தைலத்தத் தேச்சுக்கிட்டுத் திரும்பவும் தூக்குவாங்க. அந்த பெட் பக்கத்துல நாற்காலியில உக்காந்தபடியே ஒரு மத்தியானம் போய்ட்டாங்க." படியின் கீழே எட்டிப் பார்த்தாள். "போனதுக்கு அப்புறமும் தங்கச்சி நேரத்துக்குத் திரும்பித்தான் படுத்திருந்தா."

அவன் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டான்.

"அவங்க கெட்டவங்க இல்ல சார். யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. வேலையில்லாம இருக்க முடியாதவங்க, அவ்வளவுதான். அதான் எனக்கு பயமா இருக்கு. அந்த வேலைய நீங்க எடுத்துட்டீங்க." பிறகு, கிசுகிசுப்பாக, "உங்க வீட்ல படுத்த படுக்கையா யாராவது இருக்காங்களா?"

"இல்ல" என்றான்.

இருந்தார். அவன் அப்பா.

பக்கவாதம் வந்து விழுந்து அவர் உள்ளறையில் கிடந்தார். பாதி வாயில் குழறிப் பேசுவார். அவரைத் துடைப்பது, திருப்புவது, ஊட்டுவது எல்லாம் அவன் மனைவிதான். வேலைக்குப் போகும் முன் பார்ப்பாள், வந்த பின் பார்ப்பாள். நடுவில் ஒரு அம்மாள் வந்து சோறு மட்டும் ஊட்டிவிட்டுப் போவாள். அவன் ஒரு நாளும் அப்பாவின் தோளுக்கடியில் கை கொடுத்ததில்லை. முதுகு பிடித்துக்கொள்ளும் என்பான். அருவருப்பு என்று தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. ஊர்ப்பட்ட நோயாளிகளைத் திருப்ப அலாரம் செய்கிறவன், ஒருத்தி நோயாளியைத் திருப்பவில்லை என்று பழி சொல்லிவிட்டு வந்தவன், அந்தக் கேள்விக்கு எந்த முகத்தோடு ஆமாம் என்பான்?

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி உள்ளறை வாசலில் நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"மத்தியானம் வந்துட்டுப் போனீங்களா?"

"ஏன்?"

"மாமாவத் திருப்பிப் படுக்க வச்சிருக்கீங்களே. துணிகூட மாத்தி... முழங்காலுக்கு நடுவுல தலகாணி வைக்கணும்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வருஷக்கணக்காகத் தனியாகத் தூக்கிய பாரத்தை யாரோ ஒரு ஓரத்தில் பிடித்துவிட்டார்கள் என்ற நிம்மதி அந்தப் பிடியில் இருந்தது.

"ஆமா" என்றான். "இந்தப் பக்கம் வேலையா வந்தேன்."

அவள் தோளுக்கு மேலாக அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் தைல வாடை அடித்தது.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். மதியம் அப்பா திருப்பப்பட்டிருந்தார், துடைக்கப்பட்டிருந்தார், நகம்கூட வெட்டப்பட்டிருந்தது. மனைவி போனில் தன் தங்கையிடம் பெருமை அடித்துக்கொண்டாள். "சொன்னா நீ நம்ப மாட்ட, மாமாவ இப்ப அவருதான் பாத்துக்குறாரு." அவன் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டான். பயம் ஒரு பக்கம். ஆனால் பயத்தைவிட, செத்தவள் செய்த வேலைக்கு உயிரோடு இருப்பவன் பேர் வாங்கிக்கொள்ளும் கேவலம்தான் பெரிதாக இருந்தது.

அக்காவை வந்த இடத்துக்கே அனுப்பிவிடலாம் என்று நினைத்தான். ஆஸ்பத்திரிக்குப் போய், பொது நிரலில் விதிவிலக்கு ஒன்றுக்கு இடம் செய்து, கடைசிப் படுக்கையின் அலாரத்தை மறுபடி நிறுத்தினான். மறுநாள் ஆயா போன் செய்தாள்.

"சார், அக்கா வரல. தங்கச்சி நேத்து படுத்த மாதிரியே கெடக்கு. முதுகு செவந்துபோச்சு சார்."

ஓடினான். தன் கையாலேயே அலாரத்தைத் திரும்ப வைத்தான். அந்தப் பெண்ணின் கண்கள் அவன் தோளுக்குப் பின்னால் துழாவின. எதுவும் அகப்படாமல், முதல் தடவையாக அவன் முகத்துக்கு வந்தன. அவனால் அங்கே நிற்க முடியவில்லை.

நிர்வாகியிடம் போய், சிஸ்டர் மேல் தப்பில்லை, எழுதியதும் ஒப்புக்கொண்டதும் எங்கள் ஆட்கள், நான்தான் மாற்றிச் சொன்னேன் என்றான். நிர்வாகி கடிகாரத்தைப் பார்த்தார். "அந்தம்மா வேலையே வேண்டாம்னு போய்ட்டாங்க சார். இப்ப எல்லாம் நல்லாத்தானே ஓடுது? விடுங்க." திட்டியிருந்தால்கூட மனபாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

சனிக்கிழமை மாலை மனைவியிடம் சொன்னான்.

"அப்பாவ நான் திருப்பல. ஒரு நாளும் திருப்பல."

அவள் சிரிக்க ஆரம்பித்து, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "பின்ன யாரு?"

அவனுக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னான். வார்டு, திரை, அக்கா, சிஸ்டர், கூட்டத்தில் தான் சொன்னது வரைக்கும். அவள் எழுந்து போய் வாசல் தாழ்ப்பாளைப் பார்த்தாள், கொல்லைக் கதவைப் பார்த்தாள், உள்ளறைக்குள் ஒரு கணம் நின்றாள். திரும்பி வந்தவள் பேய் பிசாசு என்று எதையும் கேட்கவில்லை.

"அன்னிக்கு நான் உங்க கையப் பிடிச்சுக்கிட்டு அழுதேனே. அப்பக்கூடச் சொல்லத் தோணலையா உங்களுக்கு?"



காலையில் அவள் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். செருப்பை மாட்டிக்கொண்டே, அவன் பக்கம் திரும்பாமல், "இன்னிக்கு நீங்க பாத்துக்கங்க" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

உள்ளறை சின்னது. அப்பாவின் கட்டிலின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டிப் போடப்பட்டிருந்தது. நடுவே ஒரு விரல்கூட நுழையாது. ஜன்னல் வெளிச்சம் அவர் நெற்றியில் விழுந்திருந்தது. அவன் கட்டிலின் இந்தப் பக்கம் நின்று, எங்கே கை வைப்பது என்று தெரியாமல் விரிப்பின் ஓரத்தை இழுத்துவிட்டான்.

"அப்பா, திருப்பட்டுமா?"

அப்பா அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்தது. பெற்ற மகனின் கைக்கு அவர் பயந்தார்.

குனிந்து தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை கொடுத்தான். அந்த உடம்பின் சூடும் ஈரமும் உள்ளங்கையில் ஒட்டின. இத்தனை நாள் இதற்கா ஓடினோம் என்றிருந்தது. தூக்கினான். அசையவில்லை. மெலிந்த மனுஷர், ஆனாலும் கல்லாகக் கனத்தார். மறுபடி மூச்சைப் பிடித்துத் தூக்கினான். கை நழுவியது. அப்பாவின் தொண்டையிலிருந்து வலியில் ஒரு சத்தம் வந்தது.

"மன்னிச்சுக்கங்கப்பா" என்றான். யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்கே தெளிவில்லை. மூன்றாம் முறை கையைக் கொடுத்தான்.

பாரம் குறைந்தது.

கொஞ்சமில்லை, சரிபாதி. அந்தப் பக்கமிருந்து, சுவரோரமிருந்து, யாரோ ஏந்திக் கொடுத்த மாதிரி அப்பாவின் உடம்பு எழும்பியது. விரிப்பின் அடியில் நீட்டியிருந்த அவன் விரல் நுனிகளில் வேறு விரல் நுனிகள் முட்டின. குளிர்ந்த, காய்ப்புக் காய்த்த விரல்கள்.

அவன் தலை நிமிரவில்லை. பயத்தினால் மட்டும் அல்ல. அந்த முகத்தைப் பார்க்கும் யோக்கியதை தனக்கு இல்லை என்று தோன்றியது. விரிப்பின் பூக்களையே பார்த்துக்கொண்டு, அந்தக் கைகள் போகும் வேகத்துக்குத் தன் கைகளையும் விட்டுக்கொடுத்து, அப்பாவை மெல்ல மெல்லத் திருப்பினான்.

சுவரைப் பார்த்துத் திரும்பிய அப்பாவின் முகத்தில் பயம் கலைந்தது. கோணிய வாய் சிரமப்பட்டுத் திறந்தது. சுவரைப் பார்த்தே, கெஞ்சும் குரலில், சொன்னார்:

"மெதுவாம்மா... அவனுக்குப் பழக்கமில்ல."